முன் இருக்கையில் இருந்த பிள்ளை

என் இருமலை முதலில் கவனித்தவர்கள் பிள்ளைகள்தான்.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன். அரியாலையில் வீடு வீடாக நின்று பிள்ளைகளை ஏற்றி, யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கி, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அந்த மாரி தொடங்கியபோது எனக்கு இருமல் பிடித்தது. கிழமைகள் போய் மாதமாகியும் விடவில்லை. நான் இருமி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பெடியன் அதே மாதிரி இருமிக் காட்டுவான். இரண்டு சின்ன இருமல், மூச்சை இழுத்து ஒரு நீட்டு இருமல், கடைசியில் ஒரு செருமல். அச்சொட்டாக என் இருமல். மற்றப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். நான் ஒருமுறை இருமினால் வான் முழுக்க இருமும், பிறகு வான் முழுக்கச் சிரிக்கும். நானும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். வெளியே மழை. யன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கும்.

எனக்குச் சுகமாகிவிட்டது. சிகிச்சை முடிந்த அன்று கிளினிக்கில் இருந்த தாதி சொன்னார், "உங்களை மாதிரி ஆக்கள் வெளியிலை கதைச்சாத்தான் மற்றவை நேரத்துக்கு வருவினம்." நாலு பேர் முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன். பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

இருமலை நான் கவனிக்காமல் விடவில்லை. பட்டினத்தில் வேலைக்கு வசதியான நேரத்தில் திறந்திருக்கும் தனியார் மருந்தகங்களுக்குப் போனேன். ஒருவர் வாகனப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒருவர் பாணி மருந்து தந்தார். இன்னொருவர் வீசிங் என்று சொல்லி இழுக்கிற மருந்து எழுதினார். ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்ச நாள் இருமல் அடங்கும், பிறகு எழும்பும். ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர். ஆகவே ஒவ்வொரு முறையும் என் இருமல் புதிய இருமல்தான். யாரும் சளியைச் சோதிக்கச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

என் மனைவி வசந்திதான் வேறு விதமாகப் பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பார்ப்பதற்கு நான் ஒருவன்தான். ஒருநாள் காலையில் என் காற்சட்டையின் இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை குத்திக்கொண்டு நின்றவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இது இந்த மாரியிலை மூண்டாவது ஓட்டை. தலைகாணியும் விடிய நனைஞ்சு கிடக்கு. உங்களுக்கு என்னவோ செய்யுது. சும்மா இருமல் இல்லை உது."

"மழை விட எல்லாம் சரிவரும்" என்றேன்.

மழை விட்டது. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கக் காத்திருந்தபோது இருமல் வந்தது. வாயில் உப்பும் இரும்பும் கலந்த ருசி. வாயைப் பொத்திய கைலேஞ்சியைப் பார்த்தேன். சிவப்பு. சளியில் கலந்த கீற்று அல்ல, கை நிறைய இரத்தம். மணியடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கைலேஞ்சியைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே தள்ளினேன்.

முன் இருக்கையில் அபி ஏறினாள். ஆண்டு இரண்டு படிக்கிற பிள்ளை. பின்னால் இருந்தால் தலைசுற்றிச் சத்தி எடுப்பாள் என்று தாய் கேட்டு, முதல் நாளிலிருந்தே எனக்குப் பக்கத்தில்தான் இருத்தியிருந்தேன். போகும்போதும் வரும்போதும் கதைத்துக்கொண்டே வருவாள். அன்றும் கதைத்தாள். நான் வாயைத் திறக்காமல் ஓட்டினேன்.

"மாமா ஏன் இண்டைக்குக் கதைக்கேல்லை?" என்று கேட்டு என் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

தொண்டை நோ என்று கையால் காட்டினேன். அதுதான் அந்த வானில் அவளை நான் ஏற்றிய கடைசிப் பயணம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். வயது குறைவு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து, வலது நெஞ்சின் மேல் பக்கத்தில் ஒரு இடத்தை விரலால் சுற்றிக் காட்டினார். சுற்றிவரப் பஞ்சு மாதிரி வெள்ளை, நடுவில் கறுப்பு வட்டம்.

"இதிலை சுவாசப்பை அரிச்சுக் குழி விழுந்திருக்கு, ஐயா. சளியைச் சோதிச்சுப்போட்டுத்தான் முடிவாச் சொல்லுவன். ஆனா எனக்குச் சந்தேகம் இருக்கு."

"கான்சரோ?"

"இல்லை. அதை முதல் யோசிக்கேல்லை."

சளி எடுக்கச் சின்னப் பிளாஸ்ரிக் டப்பா தந்தார்கள். கட்டடத்துக்குள் இருமக் கூடாதாம். பின்வளவில் வெயிலும் காற்றும் படுகிற இடம் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். "எச்சில் வேண்டாம், அடி நெஞ்சிலையிருந்து வரவேணும்" என்று தாதி சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த இருமலை யாரோ முதன்முதலாக இருமச் சொல்லிக் கேட்டார்கள். வேப்பமரத்துக்கு அருகே நின்று இருமினேன். ஒரு காகம் எழும்பிப் போனது.

அந்தச் சளியை ஒரு இயந்திரத்துக்குள் வைக்கிறார்கள். முந்தி கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் தேடுவார்களாம். கிருமி கொஞ்சமாக இருந்தால் கண்ணில் படாமல் தப்பிவிடும். இந்த இயந்திரம் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் சொல்லிவிடும். முக்கியமான மருந்துக்கு அந்தக் கிருமி அடங்குமா அடங்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லும். மூன்று மாதமாக யாருக்கும் தெரியாமல் என் நெஞ்சுக்குள் இருந்ததை அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே சொல்லிவிட்டது.

டொக்டர் முகக்கவசத்துடன் வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றார். வசந்தி என் கால்மாட்டில் நின்றாள்.

"ரீ.பி. ஐயா. காசநோய். மருந்துக்கு அடங்கிற கிருமிதான். ஆறு மாதம் குளிசை போட்டா முழுக்கச் சுகப்படுத்தலாம்."

வசந்தி, "அது இப்பவும் இருக்கோ டொக்டர்?" என்று கேட்டாள். பழைய காலத்து ஆள் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பது போலக் கேட்டாள்.

"இருக்கு. முந்தினதை விடக் குறைவு. குறைஞ்சது நல்லதுதான், ஆனா குறைஞ்சபடியாலை எல்லாரும் மறந்துபோச்சினம். நோயாளியும் மறந்து, டொக்டர்மாரும் மறந்து. ரெண்டு கிழமைக்கு மேலை இருமல் நிண்டா சளி பாக்கவேணும். அவ்வளவுதான்."

என்னை நெஞ்சு நோய் வாட்டின் கடைசி அறைக்கு மாற்றினார்கள். இரண்டு கட்டில், பெரிய யன்னல்கள். எல்லாம் திறந்தபடி. காற்றுத்தான் அந்த அறையின் பாதி மருந்து என்றார் மிஸ்ஸி, அந்த வாட்டுத் தாதி. இருமலில் வருகிற துளிகள் அடைத்த இடத்தில் மணிக்கணக்காக மிதந்து நிற்குமாம். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மழையில் கண்ணாடி ஏற்றிய வான் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த நேரம்தான், உண்மையாக, எனக்கு வருத்தம் தொடங்கியது. அதுவரை இருமல்தான் இருந்தது.

அடுத்த கட்டிலில் குருநகரைச் சேர்ந்த சவிரிமுத்து. கடலுக்குப் போனவர், அறுபது தாண்டியவர். நான் வந்தபோதே எலும்பும் தோலுமாக இருந்தார். ஒரு வருடமாக நெஞ்சு நோவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் வந்தவராம். செபமாலையை விரலில் உருட்டுவார். ஒரு மணியில் இருமல் வந்தால் அந்த மணியிலேயே விரலை நிறுத்தி, இருமி முடித்து, அதே இடத்திலிருந்து தொடங்குவார்.

ஒருமுறை என் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்கு ஆர் தந்தது?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை."

"எனக்கும் தெரியாது. நான் ஆருக்குக் குடுத்தன் எண்டும் தெரியாது. அதைத்தான் மாதாவிட்டைக் கேக்கிறன்."

மறுநாள் பி.எச்.ஐ. வந்தார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். காசநோய் பிடிபட்டால் ஆஸ்பத்திரி அவருக்கு அறிவிக்க வேண்டும். அவர் நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப்போய்ச் சோதிக்க வைப்பார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கதிரையை யன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, வீட்டிலை ஆர் ஆர்?"

"மனிசி மட்டும்."

"என்ன வேலை?"

"பள்ளிக்கூட வான்."

அவருடைய பேனை நின்றது. வசந்தி என்னைப் பார்த்தாள்.

"அப்ப பிள்ளையளின்ரை பேர், விலாசம் எல்லாம் வேணும் அண்ணை. உங்கடை பேரை நான் ஒருதருக்கும் சொல்லமாட்டன். ஆனா எல்லாம் ஒரே வான் பிள்ளையள் எண்டா தாய் தேப்பனுக்கு விளங்கும். அதை நான் மறைக்கேலாது. முதலே சொல்லுறன்."

அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து வசந்தி குனிந்து என் காதருகே சொன்னாள். "இஞ்சாருங்கோ, கிட்ட இருந்த பிள்ளையளை மட்டும் சொன்னாக் காணாதே? முழுப்பேரையும் சொன்னா நாளைக்கு ஆர் எங்களை நம்பிப் பிள்ளையை விடப்போயினம்?" அவள் கெட்டவள் அல்ல. பயந்துபோனவள். நானும் அதையேதான் யோசித்தேன் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. அப்போது சவிரிமுத்து இருமத் தொடங்கினார். நெடுநேரம் இருமினார். முடிந்தபோது வசந்தி என் தோளில் கை வைத்து, "எல்லாற்றையும் சொல்லுங்கோ" என்றாள்.

ஆனால் சொல்லப் போனபோதுதான் தெரிந்தது, எனக்குப் பிள்ளைகளின் முழுப் பெயர்கள் தெரியாது. எந்த வாசலில் எந்தப் பிள்ளை நிற்கும் என்றுதான் தெரியும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வானை எடுத்தேன். கட்டிலில் படுத்தபடி, விடியப்புறம் ஓட்டுகிற பாதையில் ஓட்டினேன். நீலக் கேற்றடியில் அக்காவும் தம்பியும். கோயில் மூலையில் கண்ணாடி போட்ட பெடியன். ரயில் கடவைக்கு இந்தப் பக்கம் எப்போதும் பிந்தி வருகிற பிள்ளை. கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் மூன்று பேர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பி.எச்.ஐ. "வானிலை எவ்விடத்திலை இருக்கிறவை? எவ்வளவு நேரம்? யன்னல் திறந்திருக்குமோ?" என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் ஏறி இருந்தது. மூடிய கண்ணுக்குள் அவர்களுடைய முகங்கள் அவ்வளவு துலக்கமாக ஒருபோதும் தெரிந்ததில்லை.

"முன் சீற்றிலை?"

"அபி. ஏழு வயது."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும்."

கண்ணைத் திறந்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்வது கஷ்டம். காலையில் மிஸ்ஸி முன்னால் நிற்க நாலு மருந்து சேர்ந்த குளிசைகளை விழுங்குவேன். சலம் செம்மஞ்சளாகப் போகும். முதல் நாள் இரத்தம் என்று நினைத்துக் கத்திவிட்டேன், அது மருந்தின் நிறம் என்றார்கள். மருந்து தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் என்னிடமிருந்து தொற்றுவது நின்றுவிடும் என்றார் டொக்டர். என் உடம்பு தேறிக்கொண்டிருந்தது. பசித்தது. வெட்கம் கெட்ட பசி. வசந்தி கொண்டுவருகிற புட்டையும் முட்டைப் பொரியலையும் வழித்துத் தின்றேன். அதே நேரம் எங்கே யார் இருமினாலும் காது அங்கே போனது. வெளிநோயாளர் பகுதியில், வாகனத் தரிப்பிடத்தில், மேல் மாடியில். சிறுபிள்ளை இருமல் என்றால் எழுந்து யன்னலுக்குப் போய்விடுவேன். வானில் என்னைப் போல இருமிய அந்தப் பிள்ளைகளில் எது விளையாட்டு, எது உண்மை என்று அப்போது எனக்குத் தெரியுமா? நினைவில் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் என் குரலிலேயே இருந்தன.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு தகப்பன், "உனக்கு அறிவில்லையோ, உந்த இருமலோடையே பிள்ளையளை ஏத்தினியோ?" என்று கத்தினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தாய், "அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ, என்ரை ரண்டும் நல்லா இருக்குதுகள், முதல் நீங்கள் சுகமா வாங்கோ" என்றார். அதைக் கேட்டுத்தான் அழுதேன். கத்தியதைத் தாங்க முடிந்தது.

வசந்தி ஒருநாள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "கடையிலை கோயிலடிப் பெடியனைக் கண்டன். முன்னங்கையிலை பேனையாலை வட்டம் போட்டிருக்கு. என்னைக் கண்ட உடனை தாய் அவன்ரை கையைப் பின்னாலை மறைச்சுப் போட்டுது." அது தோல் பரிசோதனை. தோலுக்குக் கீழே ஒரு துளி மருந்தை ஏற்றி, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். வீங்கினால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். போயிருந்தாலும் நோய் வந்துவிட்டது என்று இல்லை. நூறில் ஒரு சிலருக்குத்தான் அது எழும்பும் என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். ஆனால் நான் கண்ணை மூடினால் அரியாலையின் ஒழுங்கைகளில் பிள்ளைகள் கையில் வட்டங்களோடு வரிசையாக நின்றார்கள், ஏற்ற வராத வானைப் பார்த்தபடி.

பி.எச்.ஐ. திரும்ப வந்தபோது கதிரையை இழுக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"மற்றப் பிள்ளையளுக்கு நோய் இல்லை அண்ணை. சிலருக்குத் தடுப்புக் குளிசை குடுக்கிறம். மனிசிக்கும் ஒண்டும் இல்லை." பிறகு யன்னல் பக்கம் பார்த்தார். "முன் சீற்றிலை இருந்த பிள்ளைக்கு எக்ஸ்ரேயிலை நெஞ்சுக்குள்ளை நெறிகட்டி வீங்கியிருக்கிறது தெரியுது. இஞ்சைதான், பிள்ளையள் வாட்டிலை விட்டிருக்கு."

அதே ஆஸ்பத்திரி. என் யன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்தின் ஓடு தெரியும்.

நான் போகக் கூடாது. வசந்தி போனாள். ஒரு பையில் தோடம்பழமும் நிறப் பென்சிலும் கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பை அப்படியே கையில் இருந்தது. பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். ஆகவே விடிய வெறுவயிற்றில் மூக்கால் மெல்லிய குழாய் விட்டு வயிற்றுக்குள்ளிருந்து எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அபிக்கு அப்படி எடுத்தார்கள். தாய் சுகந்திதான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவ?"

"'என்ரை பிள்ளை கத்தினது உங்களுக்குக் கேட்டிருந்தா பழம் கொண்டு வந்திருக்கமாட்டியள்' எண்டு சொன்னவ. நான் பையையும் கொண்டு வந்திட்டன்."

அந்தக் கிழமையில்தான் சவிரிமுத்து போனார். நான் எக்ஸ்ரேக்குப் போய்த் திரும்பி வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. செபமாலையை மகள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவருடைய மெத்தையை வெளியே சுவரில் சாய்த்து வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் ஆள் கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. பின்னேரம் வரை, ஒருவர் வெயிலில் சாய்ந்து நிற்பது போல அது நின்றது.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. டொக்டரிடம் கேட்டேன், "எனக்கு இது எங்கையிருந்து வந்தது?"

"சொல்லேலாது ஐயா. போன வருசம் வந்திருக்கலாம். இருபது முப்பது வருசத்துக்கு முன்னமும் வந்திருக்கலாம். உடம்பு கிருமியைச் சுற்றிக் கட்டி நித்திரையாக்கி வைச்சிருக்கும். பேந்து உடம்பு பலம் குறைய அது எழும்பும். உங்களுக்குச் சீனி வருத்தமும் தொடங்கியிருக்கு, அதாலை எழும்பியிருக்கலாம். முந்தி ஆரும் கனகாலம் இருமின ஆளோடை இருந்தியளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த மனிதர் ஞாபகத்தில் வந்தார்.

சண்டையில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்குப் போன காலம். எனக்குப் பதினைந்து வயது இருக்கும். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்கள், நடுவில் சேலைகளைக் கட்டி மறைப்பு. எங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு தனி மனிதர். இருமுவார். மழை என்று கதவும் யன்னலும் சாத்தியிருக்கும். அம்மா மல்லித் தண்ணி வைத்து என்னிடம் கொடுத்துவிடுவா. "இரு தம்பி" என்று தன் பாயில் இடம் விட்டு, நிவாரணத்தில் கிடைத்த பிஸ்கற்றை எனக்குப் பாதி முறித்துத் தருவார். எங்கே எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் சொல்லமாட்டார். என் படிப்பைப் பற்றித்தான் கேட்பார். ஒருநாள் மல்லித் தண்ணியோடு போனேன். பாய் சுருட்டிச் சுவரோடு நிறுத்தியிருந்தது. எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

"அவர்தான் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் டொக்டர். "அதுக்கு ஒரு சோதனையும் இல்லை. அந்த நேரம் அவருக்குச் சளி சோதிக்க ஆர் இருந்தது?"

சோதனை இல்லைதான். ஆனால் அன்றிலிருந்து என் நெஞ்சுக்குள் இருந்தது வெறும் கிருமி அல்ல என்றாகிவிட்டது. அந்த வகுப்பறையின் மழைக்காலம் ஒன்று, காற்றுப் புகாமல், எனக்குள் இத்தனை வருடமாகச் சாத்திக் கிடந்திருக்கிறது. நான் வளர்ந்து, கலியாணம் கட்டி, வான் வாங்கி, சண்டை முடிந்து, சண்டையைக் காணாத பிள்ளைகள் பிறந்து, அவர்களில் ஒருத்தி வந்து எனக்குப் பக்கத்தில் இருக்கும் வரை அது காத்திருந்திருக்கிறது.

வீட்டுக்கு விட்டார்கள். நான் எனக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுங்கினேன். தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் வசந்தி என் கோப்பையிலிருந்த தேத்தண்ணியை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை என் முன்னால் வைத்தாள். "இதோடை நிப்பாட்டுங்கோ" என்றாள். நிப்பாட்டினேன். வான் முற்றத்தில் கிடந்தது. அவள் விடிய இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். சில கடைகள் ஒரு சாட்டுச் சொல்லி வேண்டாம் என்றன. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எங்கள் படலையைத் தாண்டும்போது நின்று, உரத்து, நாலு பேருக்குக் கேட்கும்படி, "என்ன, தேறி வாறியள் போலை!" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த உரத்த குரலுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். அங்கே அபியையும் தாயையும் காண்பேன். சோதனையில் கிருமி இருப்பது உறுதியாகியிருந்தது. அவளுக்கும் ஆறு மாதக் குளிசை, பிள்ளைகளுக்கென்று தண்ணீரில் கரைக்கிறது. சுகந்தி எப்போதும் நீட்டு மர வாங்கின் மறுகோடியில், என்னைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி இருப்பார். அபி முகக்கவசத்துக்கு மேலால் என்னைப் பார்ப்பாள். முதல் மாதம் கழுத்து மெலிந்து கிடந்தது. பிறகு மாதாமாதம் கன்னம் வைத்தது. நான் அவளுடைய நிறையைச் சொல்லும் தாதியின் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கடைசி முறை. சளியில் ஒன்றும் இல்லை, முடிந்தது, போகலாம் என்றார்கள். வெளியே வந்து செருப்பைப் போட்டபோது சுகந்தி எழுந்து வந்தார்.

"அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லவேணும். நீங்கள் பி.எச்.ஐ.க்கு எல்லாற்றை பேரும் குடுத்தபடியாத்தான் இவளுக்குக் கண்டுபிடிச்சது. இவளுக்கு அப்ப இருமல்கூட இல்லை. பசியில்லை, சோம்பல் எண்டு நான் ஏசிக்கொண்டு இருந்தனான். விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கலாமாம். அது எனக்குத் தெரியும்." அவருடைய கண் நிறைந்தது. "ஆனா அதுக்காக எனக்குக் கோவம் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. போகேல்லை."

"போகத் தேவையில்லை, தங்கச்சி" என்றேன்.

"இவள் உங்களோடை கதைக்கவேணுமாம். கதைக்கட்டும். நான் மருந்து எடுத்துக்கொண்டு வாறன்."

நான் வெளி வாங்கில் இருந்தேன். அபி வந்து, இடைவெளி விடாமல், எனக்குப் பக்கத்தில் இருந்தாள். சிறிது நேரம் காலை ஆட்டினாள்.

"மாமா, எனக்கு இதை ஆர் தந்தது எண்டு அம்மா சொல்லுறா இல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

மருந்துச் சாளரத்தில் நின்ற சுகந்தி திரும்பிப் பார்த்தார். அந்தத் தூரத்தில் கேட்டிருக்காது. ஆனாலும் பார்த்தார்.

"நான் இருமினதிலைதான் வந்தது, அம்மா" என்றேன். "எனக்கு வருத்தம் எண்டு அப்ப எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வானில் அன்றைக்குப் பார்த்ததைப் போல அல்ல. பெரிய ஆள் ஒருவர் பார்ப்பது போல.

"அப்ப உங்களுக்கு ஆர் தந்தது?"

"வடிவாத் தெரியாது. ஒரு மனிசனா இருக்கலாம். நான் பள்ளிக்கூடம் போற வயசிலை."

"அவர் சுகமாகிட்டாரோ?"

"இல்லை எண்டுதான் நினைக்கிறன். அவருக்குச் சோதிச்சுப் பாக்க ஒருதரும் இருக்கேல்லை."

"அவருக்கு என்ன பேர்?"

"தெரியாது. கேக்காமல் விட்டிட்டன்."

அவள் அதை யோசித்தாள். தாய் மருந்துப் பையோடு வந்து, தள்ளி நின்று, கையை நீட்டினார். அபி எழுந்து இரண்டு அடி போனாள். பிறகு நின்று திரும்பினாள்.

"மாமா, உங்கடை பேர் என்ன?"

ஒரு வருடத்துக்கு மேலாக அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

"சிவநேசன்" என்றேன்.

"சிவநேசன்" என்று அவள் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.